துரோகம் பண்ணவனுக்குப் பாட்டு எதுக்கு? வளவுல போட்ட ஒரு டிவிடியும் அதுக்கப்புறம் நடந்த சண்டையும்

முகப்புத்திண்ணை:

போன சனிக்கிழமை ராத்திரி எங்க பழைய வீட்டு வளவுல, அதான் நடு முற்றத்துல, ஒரு இங்கிலீஷ் படம் போட்டோம். ரெண்டு தேக்குத் தூணுக்கு நடுவுல எட்டு முழ வேட்டியை இழுத்துக் கட்டி, வாடகை புரொஜெக்டர்ல. வந்தவங்க பதினாலு பேர், கொசு கணக்கில்ல.

படம் 'ரொமான்ஸ் அண்ட் சிகரெட்ஸ்'. மச்சான் அமெரிக்காவுல வீடு மாத்தினப்ப ஒரு அட்டைப்பெட்டி நிறைய டிவிடி குடுத்துவிட்டான், அதுல அடியில கிடந்துச்சு. கதை இதுதான்: நியூயார்க் குவீன்ஸ் பக்கம் பாலத்துல இரும்பு வேலை பாக்கற ஒருத்தன். பொண்டாட்டி, மூணு பொண்ணுங்க. உள்ளாடைக் கடையில வேலை பாக்கற ஒருத்தி மேல கிறுக்காகி அவளுக்குக் கவிதை எழுதறான். அந்தக் காகிதம் பொண்டாட்டி கையில மாட்டுது. அன்னையில இருந்து வீட்டுல போர். யாருக்கு நெஞ்சு முட்டினாலும் பேச மாட்டாங்க, பழைய இசைத்தட்டு ஓட ஆரம்பிக்கும், அது கூடவே இவங்களும் குரல் குடுத்துப் பாடுவாங்க. குப்பை அள்றவங்க வரைக்கும் தெருவுல ஆடறாங்க.

ஜான் டர்டுரோ எடுத்தது. புருசனா ஜேம்ஸ் கேண்டல்ஃபினி, பொண்டாட்டியா சூசன் சரண்டன், அந்தக் கடைக்காரியா கேட் வின்ஸ்லெட். 2005ல வெனிஸ் விழாவுல போட்டியில இருந்த படம். ஆனா படக் கம்பெனி கைமாறின குழப்பத்துல அமெரிக்காவுல ரெண்டு வருஷம் டப்பாவுக்குள்ளயே தூங்குச்சு. 2007ல டர்டுரோ தானே தூக்கிட்டு அலைஞ்சு நியூயார்க்ல ஒரு தியேட்டர்ல விட்டார். அடுத்த வருஷம் டிவிடி வந்துச்சு. அதனாலதான் கானாடுகாத்தான் பக்கம் வரைக்கும் வந்து சேர்ந்திருக்கு.

அட்டையில 'விசித்திரமான இசைப்படம்'ங்கற மாதிரி போட்டிருக்கான். எனக்கு ஒரு விசித்திரமும் தெரியல. துக்கம் வந்தா பாட்டு வர்றதும், பாட்டு வந்தா தெருவே ஆடறதும் நாம பொறந்ததுல இருந்து பாக்கறதுதானே? ரொம்ப நாளைக்கப்புறம் ஒரு படம் பாத்துட்டுத் தூக்கம் வரல. பாத்தவங்க, பாக்காதவங்க எல்லாரும் சொல்லுங்க.

தேவகோட்டை வாத்தியார்:

பதினாலு பேரில் நானும் ஒருவன். பாதியில் மின்சாரம் போனபோது எழுந்து வந்துவிட்டேன், மின்சாரம் வந்த பிறகும் திரும்பவில்லை. காரணத்தை நேரில் சொல்லாமல் வந்ததற்கு மன்னிக்கவும். இங்கே சொல்கிறேன்.

கட்டிய மனைவிக்குத் துரோகம் செய்து பிடிபட்டவன் தெருவில் இறங்குகிறான். அடுத்த நொடியே அவனுக்கு ஒரு இனிய பாட்டு. ஊரே அவனோடு சேர்ந்து ஆடுகிறது. மனைவிக்கு அப்போது என்ன? வீட்டுக்குள் நின்று கத்துகிறாள். முதல் பாட்டை யாருக்குக் கொடுக்கிறோமோ அவன் பக்கம்தான் பார்ப்பவன் மனம் சாயும். இது கதை சொல்லும் கலையின் பால பாடம். இயக்குநர் தெரிந்தேதான் செய்திருக்கிறார்.

நம்மிடம் 'இரத்தக்கண்ணீர்' இருக்கிறது. 1954. எம்.ஆர். ராதா ஆடாத ஆட்டமா? தாசி வீடே கதி என்று கிடந்தவனுக்குக் கடைசியில் தொழுநோய், பார்வையும் போயிற்று, தெருப்பிச்சை. செய்ததற்கு விலை உண்டு என்று அந்தப் படம் சொன்னது. இந்தப் படம் துரோகத்தைத் தாளத்தோடு இனிப்பாகப் பரிமாறுகிறது.

கவுணிஅரிசி:

பாதிப் பேப்பர் திருத்திட்டு ஃபெயில் போடற வாத்தியாரை இப்பத்தான் பாக்கறேன் 😄

பழைய வீடியோக்கடை:

வாத்தியார் ஐயாவுக்கு வணக்கம். நான் இருபது வருஷம் காரைக்குடியில கேசட் லைப்ரரி வச்சிருந்தவன். மொதல்ல வீடியோக் கேசட், அப்புறம் விசிடி, கடைசியா டிவிடி, அப்புறம் மொபைல் ரீசார்ஜ், அப்புறம் ஷட்டர். இரத்தக்கண்ணீரை நீங்க எடுத்ததாலதான் வாயைத் திறக்கறேன்.

அதுல 'குற்றம் புரிந்தவன்' பாட்டு ஞாபகம் இருக்கா? சி.எஸ். ஜெயராமன் குரல் பாடிட்டு இருக்கும். ஒவ்வொரு வரி முடிஞ்சதும் எம்.ஆர். ராதா தன் கரகரக் குரல்ல நடுவுல பேசுவார். பாட்டு ஒரு ஆள், பேச்சு ஒரு ஆள், ரெண்டும் ஒரே நெஞ்சுல இருந்து வர்ற மாதிரி. இந்த இங்கிலீஷ் படத்துல கேண்டல்ஃபினி பண்றதும் அதேதான். தட்டுல ஓடறது எங்கல்பர்ட் ஹம்பர்டிங்க் குரல், அதுக்கு மேல இந்த ஆள் கட்டைக் குரல்ல முனகறான். அழகாப் பாடறது தட்டு, மூச்சு வாங்கறது மனுசன். எங்க ஊர் ஆளுங்க 1954லயே பாத்துப் பழகின உத்தி இது. நீங்க எதிர்க்கட்சி சாட்சியைக் கூப்பிட்டிருக்கீங்க ஐயா.

முகப்புத்திண்ணை:

அண்ணே, அருமை! இன்னொண்ணும் சேத்துக்கங்க. அந்த எங்கல்பர்ட் ஹம்பர்டிங்க் 1936ல மெட்ராஸ்ல பொறந்தவர். அப்பா பிரிட்டிஷ் ராணுவத்துல இருந்தவர். சின்ன வயசுலயே குடும்பம் இங்கிலாந்து போயிடுச்சு.

தேவகோட்டை வாத்தியார்:

சென்னையில் பிறந்தால் துரோகம் தோஷமில்லை என்கிறீர்களா?

கடைக்காரர் சொன்னது சரி, ஆனால் பாதி சரி. ராதா வரிகளுக்கு நடுவே பேசுவது தன்னைத் தானே கிழித்துக்கொள்ள. அவர் தன் பாட்டையே நம்பவில்லை. இந்தப் படத்தில் அந்த மனிதன் தன் பாட்டை நம்புகிறான். 'அன்பில்லாத ஆண்' என்று பாடி அழுகிறான். அன்பில்லாமல் ஆக்கியது யார்?

பழைய வீடியோக்கடை:

நம்பறானாங்கறது இருக்கட்டும். நாம நம்பறோமா? எனக்கு அந்த இடத்துல சிரிப்புதான் வந்துச்சு. குப்பை வண்டிக்காரன் ஆடறப்ப அவன் சோகம் பெருசாகல, சின்னதாகுது.

கண்டனூர் ஆச்சி:

நாலு நாளா வாசிச்சுட்டு வர்றேன். நானும் அன்னைக்கு வளவுல இருந்தேன், ரெண்டாங்கட்டு நிலைப்படி ஓரமா. படம் முடியற வரைக்கும் இருந்தேன்.

ஆம்பளையாளுக ரெண்டு பேரும் அவன் பாட்டைப் பத்தியே பேசிக்கிட்டு இருக்கீக. அவ கோயில்ல பாடறாளே, அது யார் கண்ணுலயும் படலையா? சர்ச்சுக்குள்ள போறா. பாவம் புண்ணியம்னு ஏதாச்சும் கேக்கப் போறான்னு பாத்தா, ஜானிஸ் ஜோப்ளின் தொண்டை கிழியப் பாடின அந்தப் பாட்டு. என் நெஞ்சுல இன்னும் ஒரு துண்டு எடுத்துக்கோன்னு. பின்னால பாட்டுக்காரக் கூட்டமே எந்திரிக்குது. சரண்டன் மூஞ்சியில அப்ப அழுகையும் இல்ல, பொறுமையும் இல்ல. கணக்குக் கேக்கற மூஞ்சி அது. வாத்தியாரய்யா அதுக்கு முன்னாடியே எந்திரிச்சுப் போயிட்டீக. முதல் பாட்டு யாருக்குங்கறது சரி, பெரிய பாட்டு யாருக்குன்னு பாத்துட்டுல்ல சொல்லணும்?

எங்க ஆயா கதை ஒண்ணு சொல்றேன். ஊர் பேர் வேண்டாம். எங்க ஐயா, ஆயாவோட வீட்டுக்காரவுக, மலாயாவுக்குக் கொண்டுவிக்கப் போனவுக. மூணு வருசத்துக்கு ஒரு தரம் வருவாக, ஆறு மாசம் இருப்பாக, போயிருவாக. அவுக காலமானப்புறம் உள்வீட்டுப் பெட்டகத்தைத் திறந்தா, பேரேட்டு நோட்டுக்குள்ள ஒரு போட்டோ. ஒரு பொம்பளை, ரெண்டு பிள்ளைக. பின்னால ஐயா கையெழுத்துல பிள்ளைக பேரும் பொறந்த தேதியும். வரவு செலவு எழுதற அதே கையெழுத்து, அதே கோடு போட்டு. ஆயா அதைப் பாத்துட்டு ஒண்ணும் சொல்லல. போட்டோவை நோட்டுக்குள்ளயே வச்சு மூடிட்டாக. ஆனா அதுக்கப்புறம் எங்க தம்பி மகனைத் தொட்டில்ல போட்டுத் தாலாட்டறப்ப, வழக்கமா வர்ற 'கப்பலேறிப் போனாரோ' மாதிரி வரியில ஒரு இடத்துல நிறுத்துவாக. நிறுத்திட்டு ஒரு சிரிப்பு. அதுதான் ஆயா பாடின பாட்டு. எண்பது வருசத்துல அவுகளுக்குக் கெடச்சது அவ்வளவு இடந்தான்.

அந்த வெள்ளைக்காரி முழுப் பாட்டுப் பாடறப்ப எனக்குப் பொறாமையா இருந்துச்சு.

சிராவயல்காளை:

இதைத்தான் எதிர்பாத்தேன். ஒரு இங்கிலீஷ் படத்தைப் பத்திப் பேசறேன்னு ஆரம்பிச்சு எங்க கொண்டுவந்து நிறுத்திட்டீங்க பாத்தீங்களா? பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போனவங்க சம்பாதிச்சு அனுப்பின காசுலதான் இந்த ஊர்ல கோயிலு, ஊருணி, பள்ளிக்கூடம். அவங்களையெல்லாம் ஒட்டுமொத்தமா சின்ன வீடு வச்சவங்கன்னு வெளியூர்க்காரன் படிக்கற இடத்துல எழுதறது நியாயமா?

வளவுங்கறது குடும்பம் கூடற இடம். பொங்கல் வைக்கற இடம். அங்க இந்த மாதிரிப் படமா போடுவாங்க? அந்தப் படத்துல ஆஸ்பத்திரியில அவன் பண்ணிக்கற ஆபரேசன் என்னன்னு பொம்பளைப் பிள்ளைங்க கேட்டா என்ன சொல்லுவீங்க?

கண்டனூர் ஆச்சி:

தம்பி, நான் எங்க ஐயாவைப் பத்தித்தான் சொன்னேன். உங்க ஐயாவைப் பத்தி இல்ல. எங்க ஐயாவும் ஊருணிக்குப் படிக்கட்டு கட்டினவுகதான். ரெண்டும் அவுகதான் செஞ்சாக.

ஆபரேசன் என்னன்னு என் பேத்தி கேட்டா. சொன்னேன். சிரிச்சா. அவ்வளவுதான்.

கவுணிஅரிசி:

என்ன ஆபரேசன்?? பாக்காதவங்களுக்கும் சொல்லுங்கப்பா

முகப்புத்திண்ணை:

புதுக் காதலி ஆசைப்பட்டான்னு நடு வயசுல சுன்னத் பண்ணிக்கறான் 😑 அந்த வலியில நடக்கற நடை இருக்கே! காளை, அதுதான் அந்தப் படத்துல தண்டனை மாதிரி இருக்கற ஒரே சிரிப்பு. அவனைக் கதாநாயகனாக் காட்டறதா இருந்தா எந்த இயக்குநர் இப்படி நடக்கவிடுவான்?

படத்தை யாரும் வீட்டுப் பொங்கல்ல போடல. பெரியவங்ககிட்ட கேட்டுத்தான் போட்டோம், சின்னப் பிள்ளைங்களை முன்கட்டுலயே தூங்க வச்சாச்சு. ஆச்சியோட பேத்திக்கு வயசு இருபத்தாறு.

'விசித்திரம்'னு நான் ஏன் சொல்ல மாட்டேங்கறேன்னா, ஒருத்தர் குரலுக்கு இன்னொருத்தர் வாயசைக்கறதைத் தமிழ்ல கொண்டாந்ததே நம்ம காரைக்குடிக்காரர். ஏவி. மெய்யப்பன், 1938ல 'நந்தகுமார்'. நடிச்சது டி.பி. ராஜலட்சுமி, பாடினது லலிதா வெங்கட்ராமன். மெய்யப்பன் தொழில் தொடங்கினதே இசைத்தட்டு வியாபாரத்துல. அப்புறம் தேவகோட்டை ரஸ்தாவுல கொட்டகை போட்டு ஸ்டுடியோ நடத்தி 'நாம் இருவர்' எடுத்தார், 1947ல வந்துச்சு. இசைத்தட்டும் சினிமாவும் ஒரே குடும்பம்ங்கறது இந்த மண்ணுக்குத் தெரியும். குவீன்ஸ்ல ஒருத்தர் 2005ல பண்ணா அது புதுமையா?

தேவகோட்டை வாத்தியார்:

ஸ்டுடியோ இருந்த இடத்தை நான் தினமும் சைக்கிளில் கடந்து பள்ளிக்குப் போயிருக்கிறேன். அதை வைத்து வாதாடாதீர்கள்.

ஆச்சியின் பதிவு என்னை இரண்டு நாள் எழுதவிடவில்லை. அதற்கு என்னிடம் பதில் இல்லை, பதில் கேட்டு அவர் எழுதவும் இல்லை.

ஆனால் என் கேள்வி அப்படியே இருக்கிறது. பாட்டு ஒருவனை மன்னிக்கிறதா, காட்டிக்கொடுக்கிறதா? துரோகமும் பாட்டும் என்றால் நமக்கு முதலில் வரவேண்டியது சிலப்பதிகாரம், இத்தனை பேர் பேசியும் யாரும் அதைத் தொடவில்லை. நானே சொல்கிறேன். கானல்வரி. புகார்க் கடற்கரை, இந்திரவிழா முடிந்த நேரம். மாதவி யாழைச் சுருதி கூட்டிக் கோவலன் கையில் கொடுக்கிறாள். அவன் வேறொருத்தியை நினைத்தவன்போலப் பாடுகிறான். அவள் யாழை வாங்கி, தானும் வேறொருவனை நினைத்தவள்போலப் பாடுகிறாள். சும்மா ஒரு குறிப்பு, ஒரு சீண்டல். அவன் எழுந்து போய்விடுகிறான். பாட்டு முடிந்தது, உறவும் முடிந்தது. பின்னால் மாதவி எழுதிய ஓலையைத் தோழி கொண்டு போயும் அவன் வாங்கவில்லை. அங்கே பாட்டுக்கு விலை இருக்கிறது, ஒரு ஊர் எரிகிற அளவுக்கு. இந்தப் படத்தில் பாட்டு முடிந்தால் அடுத்த காட்சி வருகிறது. அவ்வளவுதான். அதைத்தான் இனிப்பு என்றேன்.

கண்டனூர் ஆச்சி:

ஐயா, நீங்க நல்லாச் சொன்னீக. ஒண்ணு மட்டும் கேக்கறேன். கானல்வரியில கண்ணகிக்கு எத்தனை வரி?

தேவகோட்டை வாத்தியார்:

ஒன்றும் இல்லை. அவள் கடற்கரையில் இல்லை. அந்நேரம் வீட்டில். அடுத்தடுத்த காதையில் தன் கனவைத் தோழி தேவந்தியிடம் சொல்கிறாள். ஆனால் மதுரையில் அவளுக்கு இருக்கிறதே, பாண்டியன் அவையில் முழு வழக்கு. பாட்டைவிடப் பெரியது அது.

கண்டனூர் ஆச்சி:

வழக்கு பாண்டியன் மேல, ஐயா. புருசன் மேல இல்லையே.

கவுணிஅரிசி:

🔥🔥🔥 வாத்தியார் லீவு லெட்டர் எழுதப் போயிட்டார்

கோர்ட்டுவாசல்:

சட்டப்படி ஒரு சின்னக் குறிப்பு. துரோகம் பண்ணான்னு புருசன் மேல பொண்டாட்டி கிரிமினல் வழக்குப் போட இந்த நாட்டிலயும் அந்த வழி இருந்ததில்லை. இந்திய தண்டனைச் சட்டம் 497ஆவது பிரிவு, அடுத்தவன் மனைவியோட உறவு வச்சவனை மட்டும்தான் குற்றவாளியாப் பாத்துச்சு. புகார் குடுக்கற உரிமை அந்த அடுத்தவனுக்கு. அவன் சம்மதிச்சிருந்தா குற்றமே இல்லை. துரோகம் பண்ண புருசனோட மனைவிக்கு அங்க இடமே கிடையாது. உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர்ல அந்தப் பிரிவையே ரத்து பண்ணிடுச்சு. விவாகரத்துக்கு மட்டும் இன்னும் காரணமா எடுத்துக்கலாம். நீங்க தொடருங்க.

சிராவயல்காளை:

வக்கீல் வேற வந்துட்டார். இனி ஜட்ஜ் மட்டும்தான் பாக்கி.

பழைய வீடியோக்கடை:

நான் கொஞ்சம் வேற பக்கம் போறேன், மன்னிக்கணும். இந்த மாதிரிப் படம் தியேட்டர்ல ஓடியிருந்தா ஆச்சி போயிருப்பாங்களா? மாட்டாங்க. துரோகக் கதையை ஊர் நடுவுல முன்னூறு பேரோட உக்காந்து பாக்கறது வேற, நிலைப்படி ஓரம் உக்காந்து பாக்கறது வேற. என் கடை அனுபவம் சொல்றேன்.

தொண்ணூறுகள் நடுவுல பாலு மகேந்திராவோட 'மறுபடியும்' கேசட் ஒரே ஒரு பிரதிதான் வச்சிருந்தேன். புருசன் வேற ஒருத்திகிட்ட போயிடுவான், பொண்டாட்டி தனியா நின்னு எந்திரிக்கற கதை. ஒரு வீட்டுல இருந்து ஒரு பையன் வந்து அதையே எடுத்துட்டுப் போவான். காகிதத்துல மடிச்சுக் குடுத்துவிட்ட சீட்டு இருக்கும், பென்சில்ல படப் பேரு மட்டும். திரும்பி வரும், ரெண்டு வாரம் கழிச்சு மறுபடியும் அதே சீட்டு. நாலஞ்சு தரம். கடைசித் தரம் கேசட் திரும்பி வரவே இல்லை. நான் கேக்கல. கேக்க மனசு வரல. பாக்யராஜோட 'சின்ன வீடு' எடுக்க வந்த ஆம்பளையாளுக கவுண்டர்ல நின்னு சத்தம் போட்டுச் சிரிச்சுக் கேப்பாங்க. பொம்பளையாளுக சீட்டு அனுப்புவாங்க. ரெண்டு படத்துக்கும் ஒரே வாடகைதான்.

அதனால வீட்டுக்குள்ள வர்ற படம்னா குடும்பத்தைக் கெடுக்கும்னு காளை சொல்றதை நான் ஒத்துக்க மாட்டேன். வீட்டுக்குள்ள ஏற்கனவே இருக்கறதுக்குத்தான் படம் வருது.

இன்னொண்ணு, திண்ணை தம்பிக்கு. அன்னைக்குப் பாட்டு எப்படிக் கேட்டுச்சு? சுருதி சரியா இருந்துச்சா? அமெரிக்கத் தட்டுங்கறதால கேக்கறேன். டிவிடியை நாடு வாரியா மண்டலம் பிரிச்சு விப்பாங்க, டிவி முறையும் மாறும். அது முதல் மண்டலம், என்டிஎஸ்சி (NTSC) முறை. நம்ம நாட்டு டிவிடி அஞ்சாம் மண்டலம், பால் (PAL) முறை. சினிமா நொடிக்கு 24 சட்டம், அதாவது ஃபிரேம். பால் தட்டுல அதை 25ஆ ஓட்டுவாங்க, அதனால நூத்துக்கு நாலு வேகம் கூடும். ஒண்ணே முக்கால் மணி நேரப் படத்துல நாலு நிமிசம் காணாமப் போகும். பேச்சுப் படத்துல யாருக்கும் தெரியாது. பாட்டுப் படத்துல சரி பண்ணாம விட்டா சுருதி அரைச் சுரத்துக்குக் கொஞ்சம் குறைவா மேல ஏறிடும். ஜோப்ளின் குரல் ஏற்கனவே மேல. என்டிஎஸ்சி தட்டுன்னா அந்தத் தொந்தரவு இல்ல, சட்டத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டிச் சமாளிப்பாங்க, சத்தம் சத்தமாவே இருக்கும். பாட்டுப் படம் வாங்கறவங்க அமெரிக்கத் தட்டா பாத்து வாங்குங்கன்னு கடையில நான் சொன்னா ஒருத்தரும் கேக்கல. அவங்ககிட்ட மண்டலம் திறந்த பிளேயரும் இல்ல.

முகப்புத்திண்ணை:

சுருதி சரியாத்தான் இருந்துச்சு அண்ணே. எதிரொலிதான் சிக்கல். ஆத்தங்குடிக் கல்லும் முட்டை வெள்ளைச் சுண்ணாம்புச் சுவரும், பாட்டு அடிச்சு அடிச்சுத் திரும்புது. டாம் ஜோன்ஸ் பாட்டுக்குக் கிறிஸ்டோபர் வாக்கன் ஆடற இடத்துல ரெண்டு டாம் ஜோன்ஸ் பாடின மாதிரி இருந்துச்சு. அந்த ஆட்டத்துக்கு மட்டும் ஆளுங்க கை தட்டினாங்க.

கண்டனூர் ஆச்சி:

நான் தட்டல. 'டிலைலா' பாட்டு என்ன சொல்லுதுன்னு கேட்டீகளா? தன்னை ஏமாத்தினவளைக் கத்தியால குத்திட்டு வந்து பாடறான். அதுக்குத்தான் கை தட்டுனீக. புருசன் துரோகம் பண்ணா பொண்டாட்டி சர்ச்சுல பாடணும், பொம்பளை துரோகம் பண்ணா கத்தி. அந்த இடத்துல வாத்தியாரய்யா சொன்னது சரிதான், பாட்டு இனிப்பாக்கித்தான் விடுது.

தேவகோட்டை வாத்தியார்:

ஆச்சி, நன்றி. என் கட்சிக்கு ஒரு ஓட்டு.

முகப்புத்திண்ணை:

இதுக்கு என்கிட்ட முழுப் பதில் இல்ல. வேல்ஸ் நாட்டு ரக்பி மைதானத்துல பாடகர் குழு காலங்காலமாப் பாடிட்டு இருந்த பாட்டு அது, 2023ல குழு பாட வேண்டாம்னு நிறுத்திட்டாங்க, இதே காரணத்துக்குத்தான். ஆனா படத்துல வாக்கன் பெரிய வீரன் மாதிரி ஆடல. ஏமாந்த கதையைச் சொல்லிச் சொல்லித் தேய்ஞ்ச ஒருத்தன் மாதிரி ஆடறான். எனக்கு அப்படிப் பட்டுச்சு. ஆச்சிக்கு அப்படிப் படலேன்னா ஆச்சி சொல்றதுதான் சரி, கை தட்டினதுல நானும் ஒருத்தன்.

இப்ப முடிவைச் சொல்லப் போறேன். பாக்கறவங்க இந்தப் பத்தியைத் தாண்டிடுங்க. அவனுக்கு நுரையீரல் புற்றுநோய். வீட்டுக்குத் திரும்பறான். பொண்டாட்டி பாத்துக்கறா. சாகறான். வாத்தியாரய்யா, நீங்க கேட்ட விலை வந்துச்சு.

கவுணிஅரிசி:

போச்சு. இன்னைக்கு ராத்திரி பாக்கலாம்னு இருந்தேன்.

தேவகோட்டை வாத்தியார்:

அப்படியானால் இதுவும் இரத்தக்கண்ணீர்தான். தொழுநோய்க்குப் பதில் புற்றுநோய்.

முகப்புத்திண்ணை:

அங்கதான் நான் ஒத்துக்கல. இரத்தக்கண்ணீர்ல நோய் அவன் செஞ்சதுக்குக் கூலி. இங்க நோய் சிகரெட்டால வந்தது. வேற ஒண்ணுக்கும் கூலி இல்ல. யோக்கியனா இருந்திருந்தாலும் வந்திருக்கும். அதனாலதான் எனக்குத் தூக்கம் வரல. செஞ்சதுக்குத் தண்டனை கிடைச்சிருந்தா நான் நிம்மதியாத் தூங்கியிருப்பேன்.

தேவகோட்டை வாத்தியார்:

இரத்தக்கண்ணீரின் முடிவில் அவன் தன் மனைவியை நண்பனுக்கே மணம் முடித்துவைத்துவிட்டுச் சாகிறான் என்பதையும் நினைவில் வையுங்கள். 1954இல் அது சின்ன விஷயமில்லை. இந்தப் படத்தில் அவளுக்கு என்ன மிஞ்சியது? மருந்து வாடை.

சிராவயல்காளை:

வாத்தியாரே, நீங்க யார் பக்கம்? எதிர்த்துப் பேசிப் பேசி முழுக் கதையையும் கேட்டு வாங்கிட்டீங்க.

எனக்கு இன்னும் அதே கருத்துதான். பாட்டு நல்லா இருக்குன்னா பாட்டை மட்டும் கேளுங்க. படத்தை அவங்கவங்க அறைக்குள்ள கதவைச் சாத்திப் பாருங்க. முற்றத்துல வேண்டாம். நம்ம பக்கத்துச் சிறுகூடல்பட்டிக் கவிஞர், தான் செஞ்ச தப்பையெல்லாம் 'வனவாசம்'னு புஸ்தகமாவே எழுதினார், மறைக்கல. ஆனா அதைப் படிக்கறவன் தனியாத்தான் படிச்சான்.

பழைய வீடியோக்கடை:

தனியாப் படிச்சுட்டுத்தான் கண்ணதாசன் பாட்டை எல்லாரும் சேந்து பாடினோம் காளை.

கோர்ட்டுவாசல்:

திண்ணை, ஒரு சந்தேகம். கரண்ட் போனப்ப உங்க அப்பத்தா ஏதோ சொன்னதா அன்னைக்கு வந்திருந்த ஒருத்தர் சொன்னார். என்ன அது?

முகப்புத்திண்ணை:

அப்பத்தாவுக்கு எண்பத்தி ரெண்டு வயசு, இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது. தூண் பக்கத்துல மரநாற்காலியில உக்காந்து, யாரையும் ஒண்ணும் கேக்காமப் பாத்துட்டு இருந்துச்சு. கவிதைச் சண்டை முடிஞ்சு கொஞ்ச நேரத்துல கரண்ட் போச்சு. வேட்டி இருட்டாயிடுச்சு, மேல வானம் மட்டும் தெரியுது. எல்லாரும் செல்போன் வெளிச்சத்தைத் தேடறப்ப அப்பத்தா கேட்டுச்சு:

"இவ இன்னும் அவனுக்குச் சோறு போடறாளா?"

யாரும் பதில் சொல்லல. வாத்தியாரய்யா எந்திரிச்சது அப்பத்தான்.

தேவகோட்டை வாத்தியார்:

ஆம். அப்போதுதான்.

சனிக்கிழமை மறுபடி போடுவதாக இருந்தால் சொல்லுங்கள். முதலிலிருந்து வேண்டாம், விட்ட இடத்திலிருந்து போதும்.

கண்டனூர் ஆச்சி:

முதல்ல இருந்தே பாருங்க ஐயா. நான் பணியாரம் கொண்டாறேன். அப்பத்தாவை நடுவுல உக்கார வைங்க, ஓரத்துல போட்டுட்டீக.

பழைய வீடியோக்கடை:

நான் என் பழைய பிளேயரைக் கொண்டாறேன், எல்லா மண்டலமும் ஓடும். திண்ணை, மண்டலம் மாத்தற நம்பரை ரிமோட்ல அடிக்கணும். ரிமோட் உங்க வீட்டுல போன தீபாவளிக்கு விட்டுட்டு வந்தது, தேடி வைங்க. பேட்டரி ரெண்டு வாங்கிடுங்க, சின்ன சைஸ்.